தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருந்தவளுக்கு

என் பிரியத்துக்குரிய மதினி சரசுவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் உனக்குத் தாகம் இல்லாமல் இருக்கவேண்டும். வேறு சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். அண்ணன் படித்தால் கோபப்படுவான், படட்டும். காலையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன், மறுபடி பற்றவைத்தேன். நாளைக்கு நர்ஸ் சாராம்மா நம் லயத்துக்கு, இந்த ஏலத்தோட்டக் கூலிக்காரர் வரிசை வீடுகளுக்கு, வருகிறாள். ஏன் அதற்கு இவ்வளவு பதற்றம் என்று கேட்பாய். சொல்கிறேன், பொறு.

சாந்தன்பாறையில் மறுபடியும் காலரா, மதினி. தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற நோய் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். மலையாளத்துக் கடைக்காரருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. போன தடவை மாதிரியே, "பாண்டிக்காரங்க கொண்டுவந்த தீனம்", தமிழர்கள் கொண்டுவந்த நோய், என்று சொல்லி நம் ஆட்களைப் படி ஏறவிடுவதில்லை. சாமானைக் கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். இந்த மலையிலேயே பிறந்தவள் நான். எங்கிருந்து கொண்டுவந்தேனாம்?

ஐந்து வருடமாகிறது. அந்த வாரத்தை நினைக்கக்கூடாது என்று நினைத்து நினைத்தே அது தேய்ந்துபோகவில்லை. திங்கட்கிழமை உன் வள்ளி போனாள், மூன்று வயது. வியாழக்கிழமை மேலே குவார்ட்டர்ஸில் கிளார்க் மனைவி அன்னக்குட்டியின் பையன் போனான். அவனுக்கும் அதே வயதுதான். அன்னக்குட்டி போட்ட சத்தம் ஏலக்காடு முழுக்கக் கேட்டது. கோட்டயத்திலிருந்து அவள் அம்மாவும் தங்கைகளும் ஜீப்பில் வந்தார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்து, இரண்டு மாதம் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று எழுதியும் கொடுத்தார்.

உனக்கு யார் வந்தார்கள்? போடியிலிருந்து உன் அம்மா மலை மேலே மெட்டுச் சோதனைச்சாவடி வரைக்கும் ஏறி வந்தார்களாம். நோய் பரவும் என்று வழியை அடைத்திருந்ததால் அப்படியே திரும்பிப் போனார்கள். அது உனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் அழுவாய் என்று நாங்கள்தான் சொல்லவில்லை.

அழக்கூடாதே. அதுதானே நம் ஆட்களின் முறை. ஆத்தா வந்து எடுத்துக்கொண்டு போன வீட்டில் ஒப்பாரி கூடாது, மாரடிக்கக் கூடாது, நிலையில் வேப்பிலை சொருகிவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். நீ ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாய். அண்ணன் உன் வாயைப் பொத்தினான். "அழுகாத சரசு. அழுதா ஆத்தா இன்னொண்ணையும் கேப்பா." அவனும் அழவில்லை.

நீ அழவில்லை. தண்ணீர் கொதிக்கவைக்க ஆரம்பித்தாய்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சாராம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் அல்லவா. நீ விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கொதிக்கவைத்தாய். ஆறினால் கொட்டினாய். மறுபடி ஓடைக்குப் போய் எடுத்து வந்து அடுப்பில் வைத்தாய். கையெல்லாம் கொப்புளம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பாராட்டினோம். சூப்பர்வைசர் மற்றப் பெண்களை உன் வாசலுக்குக் கூட்டிவந்து, "இவளப் பாத்துப் படிச்சுக்குங்க" என்றார். சுகாதாரத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இந்தத் தமிழ்ப் பெண்களுக்கு நெஞ்சுரம் அதிகம், பிள்ளை போயும் அசையவில்லை என்று தங்களுக்குள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது மதினி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

சாராம்மா மட்டும் உன் கையைப் பிடித்துப் பார்த்தாள். லயத்தில் மலையாளம் படித்தவள் நான் ஒருத்திதானே, என்னைப் பார்த்துக் கேட்டாள். "இவள் உறங்ஙுந்நுண்டோ? கரஞ்ஞோ?" தூங்குகிறாளா, அழுதாளா என்று.

உன்னிடம் நான் அதைக் கேட்கவேயில்லை. நன்றாகத் தூங்குகிறாள், அழுதுவிட்டாள், ஒன்றுமில்லை என்று நானே பதில் சொன்னேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன கேட்டாள் என்று தெரிந்ததா உனக்கு? இன்றைக்கு வரை அதுதான் என்னைப் படுத்துகிறது.

ஏன் அப்படிச் சொன்னேன்? கீழ் லயத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒருத்தியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே அவள் புருஷனை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அன்னக்குட்டி கத்தினால் துக்கம், நம்மில் ஒருத்தி கத்தினால் பைத்தியம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன். உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

காலரா போனது. வழி திறந்தது. நீ அடுப்பை விடவில்லை. கொதித்த தண்ணீரையும் நம்பாமல் குடிப்பதை நிறுத்தினாய். "அதுல இருக்கு பேச்சி, ஒனக்குத் தெரியல, அதுல இருக்கு" என்றாய். நான் டம்ளரை உன் வாயில் வைத்துத் திணித்தேன், துப்பினாய். அடித்தேன். ஆமாம், அடித்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்த மாதத்தில், சுற்றிலும் தண்ணீராக இருக்க, நாக்கு வறண்டு போனாய். காய்ச்சல் என்று எழுதினார்கள். காலராவில் போனவர்கள் பட்டியலில் உன் பெயர் இல்லை.

அன்னக்குட்டி திரும்பி வந்து உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தாள். எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. அவள் என்ன செய்வாள்? அவளை அழவிட்டார்கள், பிழைத்தாள். இப்போது அவளுக்கு இன்னொரு பையன் இருக்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வரிசையில் கடைசி வீட்டு மாடசாமியின் பெண்டாட்டி செல்வி, போன வாரம் கைக்குழந்தையைப் பறிகொடுத்தாள். நிலையில் வேப்பிலை. அழவில்லை. வாசலைப் பெருக்குகிறாள் மதினி. பெருக்கின இடத்தையே பெருக்கிப் பெருக்கி மண் பள்ளமாகி வேர் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொல்கிறாள், "என்னா சுத்தம் பாரு அந்தப் புள்ள."

மாடசாமி நேற்று வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "பேச்சியக்கா, நர்ஸம்மா கேட்டா நல்லாருக்கான்னு சொல்லிருங்க. பைத்தியம்னு எழுதிட்டாகன்னா வீடு போயிரும்." அவன் பயம் பொய்யில்லை. வீடு போனால் போய் நிற்க அவனுக்கு வேறு ஊர் கிடையாது. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் காலையிலிருந்து அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுத எழுதத் தெரிகிறது. நாளைக்குச் சாராம்மா கேட்பாள். நான் முதலில் செல்வியிடம் திரும்பி, அவள் பாஷையில் கேட்பேன். அவள் சொல்வதை அப்படியே சொல்வேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், ஒன்றும் சொல்லவில்லை, தூங்கவில்லை, அழவில்லை, அந்த வாசலைப் பாருங்கள் என்பேன். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அவர்கள் என் வீட்டில் இருக்கட்டும். அண்ணன் வீட்டிலிருந்து நான் எடுத்துவந்த உன் பாய் மூலையில் சும்மாதான் கிடக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொன்று. உன் வீட்டு நிலையில் அந்த வேப்பிலைக் குச்சி இலையெல்லாம் உதிர்ந்து இன்னும் சொருகியபடியே இருந்தது. இப்போதுதான் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தேன். அண்ணன் பார்த்தான், தடுக்கவில்லை. ஆத்தா கோபித்தால் என்னைக் கேட்கட்டும். உனக்கும் வள்ளிக்கும் சேர்த்து இன்றைக்கு நான் சத்தம் போட்டு அழப்போகிறேன், மேலே குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்கும்படி.

உன்னைக் கேட்காமலே உனக்காகப் பதில் சொன்ன நாத்தனார்,
பேச்சியம்மா