மூன்று தையல்

மயிலாப்பூர்,
புதன்கிழமை

அன்புள்ள ஷ்ரவணுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், என் இடது கன்னம் வீங்கியிருப்பதைத் தவிர. எப்போதும் நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அந்தப் பையன் சைஃப் சுகமா என்று முதலில் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உன்னிடம் பயிற்சிக்கு வந்தவன் ஏதோ கம்பெனிக்கு விலை போடும் எக்செல் ஷீட்டில் ஒரு வரிசையைக் கூட்டாமல் விட்டுவிட்டான், நீ ஸ்டேப்ளரை எடுத்து எறிந்தாய், புருவத்துக்கு மேல் மூன்று தையல், ஆபீசில் கேட்டதற்குப் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக அவனே சொல்லிவிட்டான். "இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்ல இதுதாம்மா ட்ரெய்னிங். நீ அடிக்காமலா நான் சி.ஏ. முடிச்சேன்?" என்றாய். நானும் சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கீழ் போர்ஷனில் அலறல் கேட்டது. இட்லிக் கடை பாஞ்சாலியின் பெண் தமிழ்நிலா இப்போது பத்தாவது படிக்கிறாள். அவளும் உன்னைப் போல பம்பாயில் கோட்டு போட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது பாஞ்சாலியின் ஆசை, உன்னை எப்படி வளர்த்தேன் என்று போன மாதம் கேட்டாள். கை வலிக்காமல் கணக்கு வராது, மர ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விளிம்பால் அடி என்று சொன்னவள் நான்தான். ஓடிப்போய்ப் பார்த்தால் நிலாவின் மணிக்கட்டை முழங்காலால் தரையோடு அழுத்திக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாள். தடுத்த எனக்கும் இரண்டு விழுந்தது. ஸ்கேலைப் பிடுங்கியபோது பெண்ணின் நடுவிரல் கோணலாகத் திரும்பியிருந்தது, நகம் பெயர்ந்து தொங்கியது, கணக்கு நோட்டெல்லாம் ரத்தம்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போனோம். எலும்பு முறிந்திருந்தது. எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டதற்கு "கதவுல நசுங்கிடுச்சு சிஸ்டர்" என்றாள் பாஞ்சாலி. "ஆமா, நான்தான் பாக்கல" என்று நிலாவும் சொன்னாள், அழாமல், சாதாரணமாக. நீ பத்தாவது படிக்கும்போது நான் ஸ்கேலால் உன் கைமுட்டியைக் கிழித்தேன், தி.நகர் டியூஷனில் கேட்டதற்குக் கிரிக்கெட் பந்து பட்டுவிட்டது என்று சொன்னாய். அன்று எனக்கு வெட்கம் வரவில்லை கண்ணா, பெருமையாக இருந்தது. பையன் வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். நாலு வயதில் லஸ் ஸ்டாப்பில் நின்று வருகிற பஸ் நம்பரையெல்லாம் வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை நீ. அதுவரைக்கும் உன்மேல் ஒரு அடி விழுந்ததில்லை. கணக்கு உனக்குத் தானாக வந்தது. நான் சொல்லிக் கொடுத்தது இன்னொன்று, அதைத்தான் சைஃபின் முகத்தில் எறிந்திருக்கிறாய்.

நர்ஸிடம் நான் உண்மையைச் சொன்னேன். அடித்தது இவள், வழி காட்டியது நான் என்று. பாஞ்சாலி அத்தனை பேர் நடுவில் என்னை ஓங்கி அறைந்தாள். "நீதானேக்கா ஸ்கேலைத் திருப்பிப் புடின்னு சொன்னே? இப்ப இன்னா யோக்கியம் பேசிக்கினு கீற?" என்று கத்தினாள்.

நான் நர்ஸிடம் சொன்னது போலவே நீயும் மேலதிகாரியிடம் போய், அவன் வழுக்கி விழவில்லை, நான்தான் எறிந்தேன் என்று சொல். சைஃபிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு முடித்துவிடாதே, எல்லார் முன்னாலும் கேள். வேலை போய்விடும், எழுதாதே என்கிறார் அப்பா. போகட்டும். படிப்பு உன்னிடம்தான் இருக்கும், வேறு வேலை கிடைக்கும். சைஃப் இந்தத் தொழிலைக் கற்று, நாளைக்கு இன்னொரு பிள்ளையின் மேல் எதையாவது எறிவதற்குள் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராமல் கபாலீஸ்வரர் காக்கட்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், அடுத்த புதன்கிழமைக்குள் நீ சொல்லவில்லையென்றால் உன் ஆபீசுக்கு நான் எழுதுவேன். உன் வேலை உத்தரவு நகலில் முகவரி இருக்கிறது. உன்னைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என்னைப் பற்றித்தான் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன்னை அடித்த
அம்மா