சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கோல்

இன்று காலை ஸ்டுடியோவுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதுமே உன் நினைப்புத்தான். "ஐயோ, நிறுத்து! அடியில் என்ன இருக்குன்னு பார்த்தியா?" என்று நீ ஓடிவரப் போகிறாய் என்று ஒரு கணம் நிஜமாகவே வாசலைப் பார்த்தேன். நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கட்டடக் கலை படித்தவன் நீ. சர்க்காருக்கு ஆபீசும் ஆஸ்பத்திரியும் வரைந்துகொண்டு சௌகரியமாகக் காலம் தள்ளியிருக்கலாம். பழைய கல்லைக் கண்டால் உனக்குப் பித்து. லீவு வந்தால் அளவு டேப்பும் கையுமாகக் கிளம்பிவிடுவாய். பூந்தமல்லியில் போட்டோக் கடை வைத்திருந்த என்னையும் காமிராப் பெட்டியோடு மாட்டுவண்டியில் அள்ளிப் போட்டுக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறுகிறதே என்று என் மனைவி உன்னைத் திட்டாத வாரமில்லை. "பழசைக் காப்பாத்தணும்னா முதல்ல அளக்கணும்யா. அழுதா எந்த ஆபீசரும் அசைய மாட்டான்" என்பாய்.

திருமுல்லைவாயில் சாலையில் அந்த நாலுகால் மண்டபம் நினைவிருக்கிறதா? திருவிழாவில் சாமியை இறக்கிவைக்கிற இடம். வருஷா வருஷம் பக்தியோடு சுண்ணாம்பு பூசிப் பூசித் தூண்களே வீங்கிக் கிடந்தன. சாலையை நேராக்க அதை இடிப்பதென்று ஜில்லா போர்டில் முடிவாகிவிட்டது. நேற்றுக் கட்டிய சுண்ணாம்புக் கட்டடம், மதிப்பில்லை என்று எஞ்சினியர் எழுதிவிட்டார். உனக்கு ராத்தூக்கம் போயிற்று. ஊரோ அசையவில்லை. பக்கத்துக் கத்தரித் தோட்டக்காரர் உன்னிடமே சொன்னார்: "அது போனா இன்னா சார்? சாமிக்குப் பந்தல் போட்டுக்கினா போச்சு. வண்டி போவ ரோடு வாணாமா?"

நீ தூணடியில் போய் உட்கார்ந்து, நனைத்த தேங்காய் நாரால் அடிக்கல்லைத் தேய்க்கத் தொடங்கினாய்.

"இன்னாத்துக்கு சார் சொரண்டிகினு கீறீங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அடை அடையாய்ச் சுண்ணாம்பு உதிர்ந்தது. கருங்கல் தெரிந்தது. கல்லில் நீளமாய் ஒரு கோடு, இரண்டு முனையிலும் குறுக்கு வெட்டு, பக்கத்தில் பழைய எழுத்து. நீ எழுத்துக்கூட்டிப் படித்தாய். அப்புறம் நீ போட்ட கூச்சலில் வண்டிமாடு மிரண்டது.

"ஓடிவாய்யா! கோல்! ராசா காலத்துல இந்த ஊர் நிலத்தை அளந்த கோலோட நீளம்!"

எனக்கு இருந்த படபடப்பில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு கண்ணாடிப் பிளேட்டைப் பாழாக்கினேன். தோட்டக்காரர் அதற்குள் ஒரு மூங்கிலை அந்தக் கோட்டின் நீளத்துக்கு வெட்டிக்கொண்டு தன் நிலத்துக்கு ஓடினார். வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து நாமும் பின்னாலேயே ஓடினோம். வரப்புக்கு வரப்பு மூங்கிலைப் போட்டு அளந்தார். கடைசிக் கோல் வரப்பில் போய்ச் சரியாக முட்டியது.

"ஒரு சாண் மிச்சமில்ல சார்! எங்க பாட்டன் நெலம் இந்தக் கோல்ல அளந்ததுதான்!" என்று மூங்கிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்தார். சாயங்காலத்துக்குள் ஊரே மூங்கிலோடு வயலில் இறங்கிவிட்டது. இரண்டு வரப்புச் சண்டைகூட மூண்டது.

இடிக்க ஆள் வந்த அன்று, ரோடு கேட்டவர்களே மண்டபத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வந்த ஆள் திரும்பிப் போனதும், என் போட்டோவையும் உன் அளவுப் படத்தையும் போர்டார் மேஜையில் பரப்பினாய். ரோடு என்னாவது என்று அவர்கள் கேட்டபோது, "வளைச்சு வரைஞ்சே கொண்டுவந்திருக்கேன்" என்று அடுத்த தாளை எடுத்தாயே, அடடா!

அதோடு நீ விடவில்லை. பழைய கட்டடம் எதையும் அளக்காமல், படம் எடுக்காமல் இடிக்கக் கூடாது என்று விதி எழுதவைத்தாய். பிறகு உன் உத்தியோகமே அதுவாயிற்று. ஊர் ஊராகக் கோல்களைத் தேடிப் புத்தகமும் எழுதினாய். புதிதாக ஒரு கோடு கிடைத்தால் இன்னமும் எனக்குக் கைகால் பறக்கிறது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட நோய், தீர வேண்டாம்.

போன வாரம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். மண்டபத்தருகே வண்டி திரும்பியதில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். டிரைவர் எரிச்சலோடு, "எவன்யா இந்த ரோட்ட இப்டி வளைச்சு வச்சது?" என்று கத்தினார்.

நான் எழுந்து நின்று, அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன்: "என் சிநேகிதன்யா!"