நாற்பது பேருக்கும் ஒரே மனசு

மார்ச் 3
டாக்டர் சசிதரன் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார், கெடா மாநிலத்திலேயே என்னை ஒருத்தியைத்தான், அவருடைய புள்ளியியல் வீடியோக்களுக்கு நாலு வருடமாக முதல் ஆளாகக் கமெண்ட் போடும் என்னை!

மனநலத்தை அளக்கும் கேள்வித்தாள் ஒன்று. தமிழில் அது ஒழுங்காக அளக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். எங்கள் சுங்கை லாலாங் தோட்டத்தில் நாற்பது பேரிடம் வாங்கிக் கொடுத்தால் ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வரும். எஸ்.பி.எம் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் பெயர், அச்சில்.

"சம்பளம்?" என்றார் அம்மா. இல்லை என்றேன்.
"அப்ப மொதல்ல நீ அந்தக் கேள்விப் பாரத்த எழுதிப் பாரு."

மார்ச் 5
கையுறைத் தொழிற்சாலையில் இந்த வாரம் எனக்கு டபுள் ஷிப்ட். பாரங்களைப் பிரேமாவதி அக்காவிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடம், கிளினிக், உதவித்தொகை – எங்கள் லயத்து வீடுகளுக்கு எந்தப் பாரம் வந்தாலும் அவர் கைக்குத்தான் போகும்.
"எல்லார்ட்டயும் வாங்கி வைங்கக்கா."
"நீ போய்த் தூங்குலா."

மார்ச் 11
நாற்பதும் வந்துவிட்டன. ஒரு கேள்விகூட விடுபடவில்லை.

மார்ச் 14
0.97.

கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சொல்லும் எண் இது. 0.7 வந்தாலே பாஸ். டாக்டர் குரல் செய்தி அனுப்பினார்: "லோகேஸ்வரி, இந்த மாதிரி டேட்டா நான் பார்த்ததே இல்லம்மா. மாநாட்டுல முதல் ஸ்லைடே இதுதான்." பதினொரு முறை கேட்டேன்.

மார்ச் 15
ரசிப்பதற்காகத்தான் தாள்களைப் புரட்டினேன். ஒன்பதாம் கேள்வி: 'என் மனதில் இருப்பதைக் கேட்க ஒருவர் இருக்கிறார்.' நாற்பது பேரும் ஒன்றை வட்டமிட்டிருக்கிறார்கள். அதாவது, யாருமே இல்லை.

பக்கிரிசாமி மாமாவுக்குமா? ஒட்டுக்கடையில் அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரரின் தேத்தண்ணியும் ஆறிப்போகும். வட்டங்களைப் பார்த்தேன். நாற்பதிலும் ஒரே வட்டம், ஒரே வால்.

கடைக்கே போய்க் கேட்டேன்.
"நா எங்க எழுதுனேன்? ஐசி கார்டு நம்பர் குடுத்தேன், பிரேமா எழுதிருச்சு. எப்ப வரும்?"
"எது மாமா?"
"உதவித்தொகைலா."

செத்தேன். நாலு வருஷம் வீடியோ பாத்து என்னத்தக் கிழிச்சேன் நான்?

மார்ச் 16
திட்டத்தான் போனேன். பிரேமா அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.
"எல்லாத்தையும் நீங்களேவா எழுதுனீங்க?"
"எப்பவும் அப்படித்தானே. ஆனா இதுல வருமானம் கேக்கல, புள்ளைங்க எத்தனன்னு கேக்கல. சரின்னு எனக்குத் தெரிஞ்சதப் போட்டேன். எம்மனசு நல்லாருந்த அன்னிக்குப் பத்து பேருக்கு நல்லா போட்டேன். தலைவலி அன்னிக்குக் கொறைச்சுட்டேன்."
"ஒன்பதாவது கேள்வி?"
கை நின்றது. "அது எல்லாருக்கும் ஒண்ணுதானே இருக்கும்?"

திட்டவில்லை. 0.97 எப்படி வந்தது என்று புரிந்தது. நாற்பது பேரை அளக்கவில்லை. ஒருவரை நாற்பது முறை அளந்திருக்கிறோம். கருவி பிரமாதமாகத்தான் வேலை செய்கிறது.

மார்ச் 17
டாக்டரிடம் சொன்னேன்.
"மாநாடு வியாழக்கிழமைம்மா. வேற யாருக்கும் தெரியாதுல்ல?"
ஆய்வில் நேர்மை பற்றி இவர் போட்ட தொடர் பதினெட்டுப் பாகம். அந்த ஸ்லைடை எடுக்காவிட்டால் பதினெட்டிலும் கமெண்ட் போடுவேன் என்றேன். முதல் ஆளாக.

மார்ச் 18
ஸ்லைடு போனது. என் பெயரும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 19
தோட்டத்து வாட்ஸாப் குழுவில் இன்று போட்டது:

"எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு டேவான் மண்டபத்துக்கு வாங்க. உதவித்தொகை கெடையாது, இப்பவே சொல்லிட்டேன். எந்த மாநாட்டுக்கும் இல்ல. அவங்கவங்க பாரத்த அவங்கவங்கதான் எழுதணும். படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் படிச்சுக் காட்டுறேன். பிரேமாக்கா அன்னிக்கு யாருக்கும் எழுத மாட்டாங்க. அவங்க பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு கேள்வியா கேட்டு, சொல்றத முழுசா கேட்டு எழுத ஒரு ஆள் வேணும். யாரு வர்றீங்க? கீழ பேர் போடுங்க."