உறைந்த படத்தில் ஆடிய வால்

தைநான்,
வியாழக்கிழமை

அன்பு மகன் ஜுன்-தாய்க்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் கடையின் கஞ்சிப் பானையும் சௌக்கியம். ராட்டர்டாமில் நீயும் உன் பூனையும் சௌக்கியமாக இருக்க மாட்ஸு அம்மனை வேண்டுகிறேன். எந்தப் பூனை என்று முழிக்காதே, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்பாய். கடிதத்துக்கு சிக்னல் போகாது, நீயும் பாதியில் உறைய முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. நம் வைஃபை ஏன் இத்தனை நாள் இழுத்தது என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. பக்கத்துச் சந்தில் இணைய வேலை செய்யும் ஆ-கூன் வந்து பார்த்தான். தெருவிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் வாங்கிக் கொடுப்பது மோடமாம், அதை ஆளாளுக்குப் பிரித்துப் பரிமாறுவது ரூட்டராம். சரி அத்தை, அந்த ரூட்டர் எங்கே இருக்கு என்றான். உன் அப்பா பெருமையாக ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். கடையின் எண்ணெய்ப் புகை படக் கூடாதென்று மூடி போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார் மனிதர்! ஆ-கூன் தலையில் கை வைத்துக்கொண்டு, ஐயோ மாமா, தகரத்துக்குள்ள அடைச்சு வெச்சா சிக்னல் எப்படி வெளியில வரும், இவ்வளவு நாள் கொஞ்சமாவது வந்ததே அதிசயம் என்றான். அது போதாதென்று, மிஷின் மக்கர் செய்யாமல் இருக்க இந்த ஊரில் எல்லாரும் வைப்பதுபோல் நாமும் அந்த டின் மேல் வைத்திருந்த, ‘சொன்ன பேச்சைக் கேள்’ என்று பேர் போட்ட பச்சைப் பொட்டலச் சோளப்பொரி எப்போதோ காலாவதி. இது கெட்டுப்போனா அப்புறம் மிஷின் எப்படி அத்தை சொன்ன பேச்சைக் கேக்கும் என்று, டின்னைவிட அதற்குத்தான் அதிகம் கவலைப்பட்டான், படித்த பிள்ளை. புதுப் பொட்டலம் வைத்தாயிற்று. பழையதை உன் அப்பா தின்றுவிட்டார், அவர் மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

மாடிக்கு வைஃபையை நம்பாதீங்க, சுவரையும் இரும்பு அலமாரியையும் தாண்டி வர்றதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கிடும் என்று சொல்லி, ரூட்டரிலிருந்து மாடி டிவிக்கு நேராக ஒரு நீலக் கேபிள் இழுத்துவிட்டான். கேபிள் வழியாக வந்தால் நடுவில் சிந்தாதாம். உண்மைதான். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பெரிய திரையில் உன்னைக் கூப்பிட்டபோது, மூன்று வருஷமாக மங்கலாகத் தெரிந்த முகம் பளிச்சென்று வந்தது. சவரம் செய்யாத தாடை தெரிந்தது. ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா, மீட்டிங் இருக்கு என்றாய். பின்னால் அடுப்பும் கழுவாத சட்டியும் அலமாரிமேல் ஒரு மஞ்சள் பூனையும் தெரிந்தன. உனக்கு அப்போது புதன்கிழமை மத்தியானம். அந்த ஊரில் மீட்டிங்குக்குப் பூனையும் வருமோ?

நான் அதைக் கேட்கவில்லை. புதுவருஷ ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவாயா என்று மட்டும் கேட்டேன். உடனே உறைந்துபோனாய். பாதி திறந்த வாய், இமைக்காத கண், சிலைதான். உன் அப்பா பதறிப்போய் ரூட்டரை அணைத்துப் போட ஓடினார், நான்தான் தடுத்தேன். உன் பின்னால் பூனை வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. இதற்கு முன் எத்தனை தடவை இப்படி உறைந்தாயோ, பாவம், பழியெல்லாம் அந்தப் பிஸ்கட் டின் சுமந்தது.

வேலை போய் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் எழுது. அப்பாவிடம் ரூட்டர் கோளாறு என்றே சொல்லிவைத்தேன். நம்பினாரா தெரியாது. இன்று காலை பால்மீன் கொண்டு வந்தவளிடம், புதுவருஷத்துக்குப் பெருசா ஒண்ணு எடுத்து வைம்மா, பையன் வர்றான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாட்ஸு அம்மன் உன்னைக் காப்பாள். நீயும் சாப்பிட்டுப் பூனைக்கும் போடு. ஒன்றை மறக்காதே. ஆ-கூன் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னான், நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீ ஊருக்குப் போகும்போது வைத்ததே இருக்கிறது. வாசலில் வந்து நின்றாலே உன் போன் தானாகச் சேர்ந்துகொள்ளும். இந்த வீட்டில் உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

உன் அம்மா,
ஷ்யூ-சின்