கற்பூரம் அடித்துச் சொன்ன ஓட்டு

அக்கா, இன்று காலை மரக்காணம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. எழுபதுகளில் ஒவ்வொரு தேர்தலுக்கும் நம் கட்சிக்கு நீதானே பசை காய்ச்சுவாய். உப்பளத்தில் கூடை சுமந்துவிட்டு வந்த கையோடு நானும் உன்கூட உட்கார்ந்து கிண்டுவேன்.

அந்த ஒரு தேர்தலில் கட்சி யாரை நிறுத்தியது? நாம் வேலை செய்த உப்பளத்தின் குத்தகைக்காரரை. சித்திரை வெயிலில் குடிக்கத் தண்ணீர் கேட்ட பெண்களை வேலையைவிட்டுத் துரத்திய மகராசன்! "அந்தாளுக்கு என் ஓட்டு இல்ல" என்று நீ வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தாய். கிளைச் செயலாளருக்குப் பயம் பிடித்தது. உறுப்பினர்கள் எல்லோரும் அம்மன் கோயிலில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, கட்சிக்கே ஓட்டு என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார்.

நான் உன் காதோடு சொன்னேன்: "சத்தியம் பண்ணிடுக்கா. உள்ள போய் மாத்திக் குத்திட்டா யாருக்குத் தெரியும்? வேலை போச்சுன்னா சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"திருட்டுத்தனமா குத்த நான் இன்னாடி தப்பு பண்ணேன்? கொடிய ஒளிஞ்சிக்கிட்டா புடிச்சேன்? ஓட்டையும் சொல்லிட்டுத்தான் குத்துவேன்."

முதல் ஆளாகப் போனாய். கற்பூரத்தைப் பளாரென்று அடித்தாய். "ஆத்தா மேல சத்தியமா, தண்ணி தராதவனுக்கு என் ஓட்டு கிடையாது!" செயலாளர் மறுபடி கற்பூரம் ஏற்றினார். ஒரு பெண்ணும் கை நீட்டவில்லை. நானும்தான்.

அவர் ஜெயித்தார். ஜெயிக்கட்டுமே! உன்னைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள், உப்பளத்திலும் சேர்க்கவில்லை. கீழ்புத்துப்பட்டுப் பக்கம் களையெடுக்கப் போனாய். ஆனால் உன் குடிசை மேல் கட்சிக்கொடி பறந்தது. இறக்க வந்தவர்களை "கட்சி இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தாடா? போங்கடா!" என்று விரட்டினாய். நீ செத்த அன்று அவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கொடியை நானே எடுத்து உனக்குப் போர்த்தினேன்.

நான் இன்றும் கட்சி உறுப்பினர்தான். ஓட்டு கேட்டு வருகிறவர்கள் என் வாசலைப் பார்த்ததும், "இது நம்ம ஆயா, இங்க கேக்கவே வேணாம்" என்று அடுத்த வீட்டுக்கு நகரப் பார்ப்பார்கள். விடுவேனா?

"நில்லுடா. கேட்டுட்டுப் போ."