ஆறு வார மரியாதை

ஓ க்ளேர், விஸ்கான்சின்
11 ஏப்ரல் 1999

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

இங்கே பனி இப்போதுதான் கரைந்திருக்கிறது. நிலவறையில் தண்ணீர் ஏறிவிட்டது. இரண்டு நாள் இறைத்துக் கொட்டினேன். பக்கத்து வீட்டு பர்டெட் முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து கம்பு ஊன்றி நடக்கிறார். என் பால் லாரி வேலை வழக்கம்போல ஓடுகிறது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இருபத்தைந்து வருஷம் கூட இருந்தவனுக்கு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய நாலு வரிக் காகிதம் போதும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. இருக்கட்டும். விசாரிப்பவர்களிடம் உன் தங்கை வெர்னாவுக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு லா க்ராஸ் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சந்தை அலுவலகத்திலிருந்து மேக்சின் கூப்பிட்டாள். பழைய இங்கிலாந்து மாதிரி வேஷம் கட்டி நாம் நிற்கும் ரெனசான்ஸ் சந்தைக்கு இந்தக் கோடையோடு இருபது வருஷம். அதற்கு ஒரு புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் எப்படி முதன்முதலில் வந்தார்கள், வேஷம் கட்டும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவரவர் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் நாம்தான். படைத்தலைவர் லைலும் சீமாட்டி ஆர்டிஸும். நானே எழுதிவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். இதுதான்:

“1981 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஊர் சுற்றக் கிளம்பிய நாங்கள் தற்செயலாகச் சந்தை வாசலில் வந்து நின்றோம். நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக்குள் நுழைந்தது போலிருந்தது. குதிரை வீரர்கள் ஈட்டியோடு மோதியதைப் பார்த்தோம். வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக் கடித்துத் தின்றோம். என் மனைவி ஆனந்தத்தில் அழுதுவிட்டாள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.”

நன்றாகத்தானே இருக்கிறது? சந்தை ஜூலையில் தொடங்கி ஆறு வாரம், அதிலும் சனி ஞாயிறு மட்டும். வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டுப் போ. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன்
லைல்

*

லா க்ராஸ்
24 ஏப்ரல் 1999

அன்புள்ள லைலுக்கு,

கடிதம் கிடைத்தது. பர்டெட்டை நான் கேட்டதாகச் சொல். வெர்னா கல் மாதிரி இருக்கிறாள். அவளை நோயாளி ஆக்கியதைச் சொன்னேன், சிரித்தாள். எனக்கு இங்கே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. மாடியில் இரண்டு அறை வீடு, ஆற்றைப் பார்த்த ஜன்னல். இதையெல்லாம் நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பர்டெட்டின் முழங்காலைப் பற்றி எழுதியவனுக்கு, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஒரு வரி வரவில்லை.

நீ எழுதியதில் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்தது அது இல்லை.

நாம் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வெர்னாவின் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் வரைபடத்தைப் பார்த்துத் தப்பாக வழி சொல்லிவிட்டேன். அதற்காக நாற்பது மைல் நீ வாய் திறக்கவில்லை. முன்னால் போன கார்களின் பின்னாலேயே போய், சந்தைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்தும் ஒரு புல்வெளியில் மாட்டிக்கொண்டோம். “எறங்கித் தொல” என்றாய். அந்த ஒரு மணி நேரத்தில் நீ என்னிடம் பேசியது அதுதான்.

வாசலில் இறகுத் தொப்பி வைத்த கிழவர் ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். “வருக, சீமாட்டி! தாங்கள் கால் வைத்ததால் எங்கள் ஊர் பெருமை பெற்றது” என்றார். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்புறம் உன் பக்கம் திரும்பி, “இம்மாதரசியின் திருநாமம் யாதோ?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று பார்த்தார்கள்.

நீயும் குனிந்தாய். “இவர் சீமாட்டி ஆர்டிஸ். அடியேன் இவரது ஏவலுக்குக் காத்திருப்பவன்” என்றாய்.

அதைக் கேட்டுத்தான் அழுதேன். நமக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். வீட்டில் என்னை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அன்று பொழுது சாயும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினாய். நான் பேசும்போது என் முகத்தைப் பார்த்தாய். “தாங்கள் களைத்திருப்பீர்கள்” என்று வைக்கோல் கட்டின் மேல் உன் கோட்டை விரித்து உட்கார வைத்தாய். காருக்குத் திரும்பியதும், “அந்த மேப்ப ஒழுங்கா மடிச்சு வை” என்றாய். அவ்வளவுதான்.

ஒருவருக்குக் குதிரை, ஒருவருக்கு வாள், இன்னொருவருக்கு அந்தக் காலத்து உடை என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றால் பைத்தியம் பிடிக்கும். எனக்கு அந்தத் ‘தாங்கள்’ என்ற சொல்லால் பிடித்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேருக்கும் உடை தைத்தேன். கையால் தைத்த மணிகள் மட்டும் அறுநூறு. எல்லாரும் நல்ல பொழுதுபோக்கு என்றார்கள். நான் என் புருஷனைப் பார்க்கக் காத்திருந்தேன். வருஷத்தில் ஆறு வாரம் அவன் வருவான்.

1991-ஐ நினைத்துப் பார். அம்மா போய்விட்டாள் என்று வெர்னா போனில் சொன்னாள். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன்னிடம் சொன்னேன். “அதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்?” என்றாய். அடக்கத்துக்கு லாரி வேலை என்று வரவில்லை. அந்தச் சனிக்கிழமை சந்தையில், இருநூறு பேர் நடுவில் என் முன்னால் மண்டியிட்டு, “தங்கள் தாயார் விண்ணுலகு எய்தினார். இவ்வாள் அவருக்குத் தலை வணங்குகிறது” என்றாய். கூட்டம் கண்ணைத் துடைத்தது. மேக்சின் தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன். உனக்கு நன்றி வேறு சொன்னேன், லைல். இப்போது நினைத்தால் வாயெல்லாம் கசக்கிறது.

சந்தைக்கு நான் வரவில்லை. உனக்கு என்னிடம் பேச ஏதாவது இருந்தால் சாதாரணமாகப் பேசு. கேட்கிறேன்.

ஆர்டிஸ்

*

ஓ க்ளேர்
9 மே 1999

ஆர்டிஸ்,

எப்படி இருக்கிறாய்?

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். மறுக்க முடியவில்லை. ஆனால் நீ சொல்கிற மாதிரி நான் நாடகம் ஆடவில்லை. எங்கள் அப்பா எங்கள் அம்மாவிடம் பேசி நான் கேட்டதே இல்லை. மாட்டிடம் பேசுவார், டிராக்டரிடம் பேசுவார். வீட்டில் ஒரு பெண்ணிடம் என்ன பேசுவது என்று எனக்கு யாரும் காட்டவில்லை. சந்தையில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அந்த உடையைப் போட்டால் வாயில் தானாக வருகிறது. கழற்றினால் போய்விடுகிறது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நீ போன பிறகு சமையலறையில் உட்காருவதில்லை. லாரியிலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.

22-ஆம் தேதி சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். நேரில் சொல்ல வேண்டியது இருக்கிறது. வர வேண்டாம் என்றால் எழுது. எழுதாவிட்டால் வருவேன்.

லைல்

*

லா க்ராஸ்
23 மே 1999

லைல்,

நேற்று நடந்ததை நீ வேறு மாதிரி எழுதி வைத்துக்கொள்வாய். அதனால் நான் முந்திக்கொள்கிறேன்.

உன் கடிதம் என்னை அசைத்துவிட்டது. அதை மறைக்கவில்லை. உன் கையெழுத்தில் ‘எப்படி இருக்கிறாய்’ என்று பார்த்ததும் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்றுக் காலை வீட்டைத் துடைத்தேன். ருபார்ப் கேக் செய்தேன். மேசையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன். கரி பிடித்த வாணலியைத் தேய்ப்பது மாதிரி என் மனசைத் தேய்த்து, பழையதை எல்லாம் போக்கி வைத்திருந்தேன். வெர்னாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள்.

பதினோரு மணிக்குக் கீழே ஆரவாரம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பச்சை வெல்வெட் சட்டை, இறகுத் தொப்பி, இடுப்பில் வாள். பின்னால் தெருப் பிள்ளைகள். மாடிப்படி ஏறி வந்து, என் கதவுக்கு முன்னால், வராந்தாவில் மண்டியிட்டாய். எதிர் வீட்டுத் திருமதி ஓயன் வெளியே வந்துவிட்டாள். அடுத்த வீட்டுக் கல்லூரிப் பையன்கள் வந்துவிட்டார்கள்.

“தேவி, பிழை பொறுத்தருள்க. தங்கள் பிரிவால் இவ்வீரனின் நெஞ்சம் பாழ்பட்ட கோட்டையாயிற்று” என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். திருமதி ஓயன் என் தோளை இடித்து, “இப்படி ஒரு ஆள விட்டுட்டா வந்த?” என்று கேட்டாள்.

நான் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? கோபமாகச் சொல்லவில்லை.

“உள்ள வா லைல். தொப்பியக் கழட்டி வச்சுட்டு உக்காரு. காப்பி சூடா இருக்கு. சும்மா பேசுவோம்.”

நீ என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பையன்களைப் பார்த்தாய். “தேவியின் சித்தம் கனியும்வரை இவ்விடம் விட்டு அகலேன்” என்றாய். மறுபடி கை தட்டல்.

“லைல், ஒரே ஒரு வார்த்த நீயா பேசு. தப்பா வந்தாலும் பரவால்ல.”

அப்போதுதான் எழுந்தாய். முழங்காலைத் தட்டிவிட்டு என் காதருகில் குனிந்தாய்.

“எல்லாரும் பாக்கறாங்க. என்ன அசிங்கப்படுத்தாத. சரின்னு மட்டும் சொல்லித் தொல.”

நீயாகப் பேசச் சொன்னேன், பேசினாய். கதவைச் சாத்தினேன். வெளியே நீ ஏதோ வசனம் சொன்னதும் அவர்கள் சிரித்ததும் கேட்டது.

பதினெட்டு வருஷமாக, சந்தையில் இருப்பவன்தான் உண்மையான லைல், வீட்டில் இருப்பவன் வேலையில் களைத்தவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்ல முடியாது. வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதங்களை இதோடு வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அனுப்பு. புத்தகத்தில் உன் கதையை உன் பெயரிலேயே போட்டுக்கொள்.

ஆர்டிஸ்

*

ஓ க்ளேர்
3 ஆகஸ்ட் 1999

ஆர்டிஸ்,

கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு வரி எழுதுவது முறை என்று எழுதுகிறேன்.

சந்தையில் இந்த வருஷம் கூட்டம் அதிகம். புத்தகம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் நம் படம், என் கதை. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

படைத்தலைவன் தனியாக நின்றால் நன்றாக இருக்காது என்று மேக்சின் ஒரு சீமாட்டியை ஏற்பாடு செய்திருக்கிறாள். புருஷனை இழந்தவள். சந்தைக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. உன் நீல உடையை இடுப்பில் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தோம், சரியாக இருக்கிறது. முதல் நாள் வாசலில் நான் குனிந்து வரவேற்றதும் அழுதுவிட்டாள். இப்போது சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறாளாம். சீசன் முடிந்ததும் இந்த வீட்டுக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

உன் தையல் மெஷின் நிலவறையில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்.

லைல்

*

லா க்ராஸ்
15 ஆகஸ்ட் 1999

லைல்,

அவள் பெயர் மார்லிஸ். உன் கடிதத்தில் அது இல்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நேற்று சந்தைக்கு வந்திருந்தேன். வேலைக்குப் போகும் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி. டிக்கெட் வாங்கிக்கொண்டு எல்லாரையும்போல உள்ளே வந்தேன். நீ குதிரைக் களத்தில் இருந்தாய். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எலுமிச்சைச் சாறு விற்கும் இடத்தில் என் நீல உடையில், நிழலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் கேட்டேன். நகர்ந்து கொடுத்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது, ஆனால் எப்படிச் சொல்வது, அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். முப்பத்திரண்டு வயதில் எனக்கு இருந்தது.

“நீங்களும் மொதத் தடவையா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவளாகவே பேசினாள். புருஷன் செத்து ஆறு வருஷம். மகன் அலாஸ்காவில். காகித ஆலையில் வேலை. மேக்சின் வற்புறுத்தியதால் வந்தாளாம். “வாசல்ல ஒரு மனுஷன் எனக்காகக் குனிஞ்சாரு. என் பேரக் கேட்டாரு. ஆறு வருஷத்துல யாருங்க என் பேரக் கேட்டா? அன்னிக்கே பைத்தியம் புடிச்சிருச்சு” என்று சிரித்தாள். செப்டம்பரில் வீட்டைக் காலி செய்கிறாளாம்.

சொல்ல வந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய முதல் நல்ல கோடையை அவள் முகத்துக்கு நேரே எப்படிப் பிடுங்குவது? சாற்றைக் குடித்தேன். உடையின் விளிம்பு ஒரு இடத்தில் பிரிந்திருந்தது, அதைச் சொன்னேன். ஒரு ஊசியைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் செய்தது கோழைத்தனம். நல்லவள் மாதிரி நடித்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

இன்று காலை உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எட்டுப் பக்கம். 1981-லிருந்து மே மாதம் வராந்தாவில் நடந்ததுவரை ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று உனக்கு யாரும் காட்டவில்லை என்று நீ எழுதியதையும் சேர்த்திருக்கிறேன். அதுவும் உண்மைதானே. மேக்சின் பொறுப்பில், மார்லிஸ் பெயருக்கு அனுப்புகிறேன். படித்த பிறகு அவள் உன் வீட்டுக்கு வந்தால் தெரிந்து வருகிறாள். வராவிட்டால், இருக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த பிறகு தெரிந்துகொள்ளும் கஷ்டம் அவளுக்கு மிச்சம்.

உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது. அதற்காகத்தான் உனக்கும் எழுதினேன். இரண்டு உறையும் ஒட்டியாகிவிட்டது. நாளை காலை வேலைக்குப் போகும்போது தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

இதற்குப் பதில் வேண்டாம்.

ஆர்டிஸ்