மைக்கில் கேட்ட பேர்

சென்னை
2-12-2006

அன்புள்ள மாமாவுக்கு,

அனுசுயா எழுதுவது. ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர இங்கே மற்ற எல்லாம் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை நான் இல்லாத தைரியத்தில் பரோட்டாவிலேயே காலம் ஓடுகிறதா? ராமாயி அக்காவிடம் விசாரிக்காமல் விடமாட்டேன்.

உறையில் இருக்கிற அழகான கையெழுத்து யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். அது ஜெயபாரதி, என் அறைத்தோழி. வெள்ளகோவில் பெண். நாங்கள் இருவரும் ஒரே லேபில்தான் ஆராய்ச்சி செய்கிறோம். உங்கள் பேரை நான் எப்படி எழுதுவேன்? கல்யாணமாகி ஐந்து வருஷமாக நாக்கில் வராத பேர், பேனாவில் மட்டும் வந்துவிடுமா? "பிஎச்டி பண்றவிய, ஊட்டுக்காரர் பேரெழுதக் கூச்சப்படறீங்களாக்கும்" என்று சிரித்துவிட்டு வாரா வாரம் அவளே எழுதிக் கொடுக்கிறாள்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. உங்களுக்கு என்ன வேலை என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். ஒருத்தியின் கணவர் டாக்டர், இன்னொருத்தியின் கணவர் பேங்கில் பெரிய ஆள். திருப்பூரில் சொந்தமாக நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் உங்கள் ஷிப்ட் ராபினும் சேர்ந்து பழைய மிஷின் ஒன்று எடுத்து ஓட்டப்போவதாகப் பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

இனி உதவி. வருஷா வருஷம் ஜனவரி கடைசியில் எங்கள் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆராய்ச்சி வாரம் கொண்டாடுவார்கள். ஒரு வாரமும் தேர்த் திருவிழாக் கூட்டம்தான். வெளியூர் விஞ்ஞானிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒவ்வொரு லேபுக்கும் ஒரு போஸ்டர், கடைசி நாள் பரிசு. இந்த வருஷம் எங்கள் புரொபசர் பனியன் கம்பெனித் தொழிலாளிகளின் மூச்சைப் பரிசோதிக்கிறார். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னாலும். "அனுசுயா, உன் ஊர்தானே, இருபது பேரை ஏற்பாடு செய், பஸ் அனுப்புகிறோம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு உங்களை விட்டால் யாரைத் தெரியும்?

உங்கள்
அனு


திருப்பூர்
10-12-2006

அன்பு அனுவுக்கு,

யூனிட் முதலாளி முனீஸ் எழுதுவது. முதலாளி நேற்று டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு உட்கார்ந்து இதை எழுதுகிறான். நீ சொன்னதில் கோபம் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. ராபினிடம் சொன்னேன். அன்றிலிருந்து டீக்கடையில் என்னை "மொதலாளி" என்றே கூப்பிடுகிறான்.

இருபது பேர் ரெடி. பாதிப்பேர் செக்கிங்கில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டியவர்கள்தான். ராமாயி அக்கா முதலில் பயந்தது. "ரத்தம் எடுப்பாகளா தம்பி? எடுத்தா நா வரல." வெறும் குழாயில் ஊதுவதுதான் என்று சொன்னதும், "நம்ம புள்ள பண்ற ஆராய்ச்சி, நாம ஊதாம வேற யாரு வந்து ஊதுவா" என்று அதுவே மற்ற பெண்களைச் சேர்க்கக் கிளம்பிவிட்டது. சூப்பர்வைசர் சென்னிமலை அண்ணனும் சந்தோஷமாகச் சம்மதித்தார். "ஏனுங்க முனீசு, நம்ம கம்பெனில வேல செஞ்ச புள்ள இன்னைக்கு எங்க நிக்குது பாத்தீங்களா" என்று லைன் லைனாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நானும் வரட்டுமா? நீ உட்காருகிற மேஜையை ஒரு தடவையாவது பார்க்க ஆசை. எனக்கும் திங்கட்கிழமை ஆனால் நெஞ்சைக் கட்டிக்கொண்டு இருமல் வருகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. ஒரு ஊது ஊதிப் பார்த்தால் போச்சு. பொங்கலுக்கு எடுக்கிற சட்டையை அன்றைக்கே போட்டுக்கொள்கிறேன்.

முனீஸ்


சென்னை
8-1-2007

அன்புள்ள மாமாவுக்கு,

வேலை தலைக்கு மேல் இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். பொங்கலுக்கு வர முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நெஞ்சு கட்டுவதாக எழுதியிருந்ததைப் புரொபசரிடம் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். பஞ்சுத் தூசியால் வருகிற நோய்க்கு அதுதான் முதல் அடையாளமாம். மற்றவர்களுக்கும் அப்படி உண்டா என்று விசாரித்து எழுதுங்கள்.

நீங்கள் வர வேண்டாம் மாமா. ஷிப்மென்ட் நேரம், சென்னிமலை அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு வந்தால் நன்றாக இருக்காது. இன்னொரு நாள் நானே கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

ராமாயி அக்காவிடமும் மற்றவர்களிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். பெரிய ஆட்கள் இருப்பார்கள். அங்கே என்னைப் பேர் சொல்லியோ, புள்ள, கண்ணு என்றோ கூப்பிட வேண்டாம். லேப் ஒழுங்கு அப்படி.

அனு


சென்னை
5-2-2007

மாமாவுக்கு,

ஒரு வாரமாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். எப்படி ஆரம்பித்தாலும் பொய் மாதிரி இருக்கிறது.

வர வேண்டாம் என்று எழுதியிருந்தேனே மாமா. பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியதே நீங்கள்தான். நீலச் சட்டை. அவ்வளவு தூரம் வந்தும் மடிப்புக் கலையவில்லை. வழியில் எங்கேயோ குளித்து மாற்றியிருக்கிறீர்கள். என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தீர்கள். நான் குனிந்து ஊதுகிற மிஷினின் ஒயரைச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை.

என் ஒரு பக்கம் புரொபசர், மறு பக்கம் டெல்லியிலிருந்து வந்த இரண்டு பேர், பின்னால் ஜெயபாரதி. மைக் என் கையில். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். ராமாயி அக்கா வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க மேடம்" என்றது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்ட அக்கா. அப்போதே நான் எழுந்து அதன் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் பேர். சொல்லிவிட்டேன். பந்தல் முழுக்கக் கேட்டது. இந்தக் கடிதத்தில்கூட அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, அங்கே எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். "யாரும் இல்லைங்க, தனியாத்தான் இருக்கேன்" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். நானும் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

மூக்கில் கிளிப் மாட்டினேன். "ஊதுங்க, இன்னும் ஊதுங்க, நிறுத்தாதீங்க" என்று ஊர்பேர் தெரியாத ஆளிடம் சொல்வதுபோல் சொன்னேன். பாதியில் இருமல் வந்து குனிந்துவிட்டீர்கள். வீட்டில் என்றால் முதுகைத் தடவிவிட்டிருப்பேன். அங்கே பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயபாரதிதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "மெதுவாக் குடிங்கண்ணா" என்றாள். அவள் குரலே மாறியிருந்தது. அந்தப் பேரையும் அந்தக் கம்பெனி விலாசத்தையும் வாரா வாரம் எழுதுகிறவள் அவள்தானே. கூப்பிட்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அந்த நினைப்பே இல்லை.

பஸ் கிளம்பிய பிறகு வந்து கேட்டாள். "ஏனுங்க அனு, அவியதான் உங்க ஊட்டுக்காரருங்களா?" நான் மூக்குக் கிளிப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். "இனி உறைக்கு மேல நீங்களே எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதனால்தான் இது ஹாஸ்டல் ஆபீஸில் டைப் அடித்து ஒட்டிய விலாசத்தோடு வருகிறது.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. எங்கள் போஸ்டருக்கு முதல் பரிசு. அதன் நடுவில் பெரிதாக ஒரு கோடு, பாதியிலேயே கீழே இறங்கிவிடும். அது உங்கள் மூச்சு மாமா. இருபது பேரில் உங்களுக்குத்தான் மிகவும் குறைவு. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பரிசு கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் மேடையேறிக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை நெஞ்சு கட்டுகிறது என்று நீங்கள் எழுதியபோது, டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே எனக்கு. வெட்கமாக இருக்கிறது. என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். நிட்டிங் ரூம் இனி வேண்டாம், வேறு செக்ஷன் கேளுங்கள். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

அனு


திருப்பூர்
12-2-2007

அனுவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டத் தெரியவில்லை.

ஷிப்மென்ட் டிசம்பரோடு முடிந்தது உனக்கே தெரியும். நீ ஏன் வர வேண்டாம் என்றாய் என்பது படித்ததுமே புரிந்தது. வராமல்தான் இருந்திருப்பேன். நான் ஏறினால்தான் பஸ்ஸில் ஏறுவோம் என்று பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். வந்தாலும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒருத்தன் திரும்பவில்லை. ஒரு ஆள் குறைந்தால் உன் புரொபசர் உன்னைத்தானே கேட்பார் என்று என் பேரைக் கொடுத்தேன்.

சட்டை மட்டும் உனக்காகப் போட்டது. அதில் பொய் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டுப் போட வந்த டிரைவரை ராபின் வேண்டாம் என்றுவிட்டான். ராமாயி அக்கா, "மேடம்னு சொன்னது சரியாத்தேன் வந்துச்சா தம்பி? பழக்கமில்லாத நாக்கு" என்று கேட்டது. சரியாக வந்தது என்றேன். அப்புறம் அது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. விழுப்புரம் தாண்டி ராபின், "மதினி மெலிஞ்சுட்டாங்கண்ணே" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் என்னை மொதலாளி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டான். ஒருத்தராவது உன்னைத் திட்டியிருந்தால் நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன். எல்லோரும் எனக்காக நல்லவர்களாக இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்கும் வெட்கம்தான். வீட்டில் யாருமில்லை என்று எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வந்ததே.

உன் வாயால் என் பேரை ஒரு தடவை சொல்லு என்று எத்தனை நாள் உன்னைச் சீண்டியிருக்கிறேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓடுவாய். இப்போது கேட்டுவிட்டேன். உன் குரலில் என் பேர் நன்றாகத்தான் இருந்தது அனு. அதுதான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

டாக்டர் விஷயம் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

முனீஸ்


சென்னை
20-2-2007

மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். கிழித்துப்போட்டாலும் உறையை மட்டும் பார்த்துவிட்டுக் கிழியுங்கள்.

நேற்று லேபில் எல்லோரும் கூடியிருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். அந்தக் கோடு என் கணவருடையது என்றேன். அவர் நிட்டிங் ஆபரேட்டர், அவருக்கு யூனிட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, நானும் டிகிரி முடித்துவிட்டு அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், அவர்தான் என்னை மேலே படிக்கவைத்தார் என்றேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. சொந்தக் குடும்பத்து ஆளை மறைத்துப் பரிசோதித்ததை வைத்துப் போஸ்டர் போடக் கூடாது, மேலே சொல்லியாக வேண்டும் என்றார் புரொபசர். பரிசு வேறு லேபுக்குப் போய்விட்டது. கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். என்னால் ஜெயபாரதிக்கும் போயிற்று. அவள் உறையையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

உங்கள் வேலையைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை மாமா. அந்த டாக்டர் வீட்டுக்காரி மட்டும், "இதை ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

மார்ச் மூன்றாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் நெஞ்சு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் அங்கே மட்டும் வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் இறங்கியதும் பார்ப்பேன்.

உங்கள் (இப்படிப் போடலாமா?)
அனு


திருப்பூர்
26-2-2007

அனுவுக்கு,

உன் கடிதத்தைச் சென்னிமலை அண்ணன்தான் கொண்டுவந்து கொடுத்தார். "ஏனுங்க முனீசு, கையெழுத்து மாறியிருக்குதுங்களே" என்றார். பேரை இரண்டு தடவை அடித்து மூன்றாவதாக எழுதியிருக்கிறாய். அதுவும் கோணல்தான். ஷிப்ட் முடிகிறவரை சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். ராமாயி அக்காவைப் பார்த்தால் இன்னும் என் தலை குனிகிறது. உன்னைப் பற்றி அது என்னிடம் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

டாக்டரிடம் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். நீயும் நேராக வீட்டுக்குப் போகாதே. சனிக்கிழமை சாயந்திரம் ஷிப்ட் விடுகிற நேரம் கம்பெனி கேட்டுக்கு வா. அன்றைக்கு வந்த எல்லோரும் அந்த வழியாகத்தான் வெளியே வருவார்கள். நான் கடைசியில் வருகிறேன். என்னைக் கூப்பிடு. மாமா என்றாலும் சரி, பேரைச் சொன்னாலும் சரி, உன் இஷ்டம். எல்லோருக்கும் கேட்கணும். இங்கே மைக் கிடையாது.

முனீஸ்